காற்றை அளக்கும் பூச்சுக்கு மலையேறத் தெரியுமா?

சேலத்திலிருந்து ஏற்காடு போகும் சாலை, அடிவாரத்துச் சோதனைச் சாவடியைத் தாண்டியதும் மேலேறத் தொடங்குகிறது. இருபது கொண்டை ஊசி வளைவுகள். கோடை விழா நாட்களில் கீழ் வளைவுகளில் வண்டிகள் முதல் கியரிலேயே ஊர்ந்து ஏறும். இறங்குபவை பிரேக் காய்ந்த வாடையோடு வந்து நிற்கும். அந்த நெரிசலில் நாள் முழுக்க நிற்கும் காவலரும் இளநீர் விற்பவரும் சுவாசிக்கும் காற்றில் என்ன இருக்கிறது என்று கேட்டால், சொல்வதற்கு எண் இல்லை. சேலத்தின் தொடர் காற்றுத்தரக் கண்காணிப்பு நிலையம் நகரத்துக்குள், சோனா தொழில்நுட்பக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. அதுபோல ஒரு நிலையம் அமைக்கக் கோடி ரூபாய் அளவில் செலவாகும்; வளைவுக்கு ஒன்று வைக்க எந்த அரசாலும் முடியாது. சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் சிறிய வாயு சென்சார்களை விளக்குக் கம்பங்களில் மாட்டிவிட்டால் என்ன என்பதுதான் அடுத்து யாருக்கும் தோன்றும் யோசனை. தோன்ற வேண்டிய யோசனையும்கூட. ஆனால் அந்த எண்ணை வைத்து ஒரு முடிவு எடுப்பதற்கு முன்னால், அது எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதை வாங்குபவர் எழுத்தில் கேட்டு வாங்கிப் பொதுவில் வைக்க வேண்டும். விற்பவர் சொல்லும் கணக்கு இந்த மலையில் பலிக்கிறதா என்று இங்கேயே சோதிக்கவும் வேண்டும். இரண்டும் செய்யாமல் மாட்டினால், ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் நாம் அளக்கப்போவது பெரும்பாலும் மூடுபனியைத்தான்.

சிறிய சென்சார்கள் பலவற்றில் வேலை செய்வது ஒரு மெல்லிய பூச்சு. தடிமன் மைக்ரான் கணக்கில் இருக்கும். மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் வரும் ஒரு பங்குதான் மைக்ரான். காற்றிலுள்ள வாயு அந்தப் பூச்சுக்குள் புகும், அல்லது அதன் மேற்பரப்பில் ஒட்டும். அதனால் பூச்சின் எடையோ மின்தடையோ மாறும். மாற்றத்தை மின்சுற்று படிக்கும். பிறகு, இவ்வளவு மாறியிருந்தால் வெளியே இவ்வளவு வாயு இருந்திருக்க வேண்டும் என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டு ஓர் எண்ணைத் திரையில் காட்டும். இந்தப் பின்னோக்கிய கணக்குதான் கணித மாதிரி. பூச்சு எவ்வளவு வாயுவை, எவ்வளவு வேகத்தில், எந்த வெப்பநிலையில், வேறு எந்த வாயுக்கள் கூட இருக்கும்போது உறிஞ்சும் என்பதை அது ஏதோ ஒரு விதத்தில் ஊகித்துக்கொள்கிறது. விலைப்பட்டியலில் அந்த ஊகம் இருப்பதில்லை.

இந்தத் தொழில்நுட்பம் புதிதல்ல. ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தில் தெட்சுரோ செய்யாமாவின் குழு, துத்தநாக ஆக்சைடு மென்படலம் வாயு பட்டதும் மின்தடை மாறுவதை 1962-இல் காட்டியது. அதே ஆண்டில் நவோயோஷி தாகுச்சி டின் ஆக்சைடு சென்சாருக்குக் காப்புரிமை கோரினார். சமையல் எரிவாயுக் கசிவுக்கு அலறும் கருவிகள் அங்கிருந்துதான் வந்தன. எடையை அளக்கும் கிளை இன்னும் கொஞ்சம் மூத்தது. குவார்ட்ஸ் படிகத்தின் மேல் ஏதாவது படிந்தால் அதன் அதிர்வெண் குறையும் என்பதை 1959-இல் குந்தர் சவர்பிரே சூத்திரமாக்கினார். நொடிக்கு ஐம்பது லட்சம் முறை அதிரும் படிகத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 17.7 நானோகிராம் சேர்ந்தால் ஓர் அதிர்வு குறையும். 1964-இல் எஸ்ஸோ நிறுவனத்தின் வில்லியம் கிங் அந்தப் படிகத்துக்கு வாயுவை உறிஞ்சும் பூச்சைப் பூசி, முழுமையான வாயு உணரியாக்கினார். எடை கூடினால் அதிர்வு குறையும், அதிர்விலிருந்து வாயுவின் அளவைப் பெறலாம்: எளிய, அழகான கணக்கு.

அந்த அழகில் மயங்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு நல்ல சான்று 1992-இல் வந்தது. அமெரிக்காவில் ஜே கிரேட்டும் அவருடைய கூட்டாளிகளும், பிரிட்டனின் மைக்கேல் ஆபிரகாமோடு சேர்ந்து, பாலிமர் பூசிய மேற்பரப்பு ஒலியலை சென்சார்களை ஆராய்ந்தார்கள் (இவற்றின் மேற்பரப்பில் ஓடும் ஒலியலை, பூச்சின் எடை கூடினால் வேகம் குறையும்). பூச்சு எவ்வளவு ஆவியை உறிஞ்சும் என்பதை வேறொரு சுயேச்சையான முறையில், வாயு நிறப்பிரிகை (கேஸ் குரோமட்டோகிராபி) முறையில், தனியாக அளந்தார்கள். உறிஞ்சிய ஆவியின் எடைக்கு இவ்வளவுதான் சமிக்ஞை வர வேண்டும் என்று கணக்கு சொன்னது. வந்தது அதைவிடப் பல மடங்கு. காரணம், ஆவியை உறிஞ்சிய பாலிமர் உப்பி இளகுகிறது, அந்த இளக்கமும் அலையின் வேகத்தைக் குறைக்கிறது. சென்சார் பழுதில்லை, வாயுவும் வந்த அளவில்தான் வந்தது. நடுவிலிருந்த கணக்குதான் பிசகு. எடையை மட்டும் நம்பி எழுதிய சூத்திரத்தோடு அந்தக் கருவியைச் சந்தைக்கு அனுப்பியிருந்தால், அது எந்தத் தயக்கமும் காட்டாமல் தப்பான எண்ணைத் தசமப் புள்ளியோடு சொல்லிக்கொண்டிருக்கும். வேறொரு வழியில் அளந்து ஒப்பிட்டதால் மட்டுமே குட்டு வெளிப்பட்டது.

இனி இதை ஏற்காட்டுச் சாலையில் வைத்துப் பார்க்கலாம். பெட்ரோலில் உள்ள டொலுயீன் ஆவியை எடுத்துக்கொள்வோம். ஒரு ரப்பர் போன்ற பாலிமர் பூச்சு அதை எவ்வளவு உறிஞ்சும் என்பது, பூச்சுக்குள் இருக்கும் செறிவுக்கும் காற்றிலிருக்கும் செறிவுக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது. அந்த விகிதம் மாறாத எண் இல்லை. குளிர்ந்தால் கிடுகிடுவென ஏறும். உறிஞ்சும்போது ஒரு மோலுக்கு ஏறக்குறைய 40 கிலோஜூல் வெப்பம் வெளிப்படுவதாகக் கொண்டால் (டொலுயீனுக்கு இது நியாயமான அளவு), 35 டிகிரியிலிருந்து 20 டிகிரிக்கு இறங்கும்போது விகிதம் 2.2 மடங்காகிறது. சித்திரை மாத மதியத்தில் அடிவாரம் 35 டிகிரியில் கொதிக்கிறது, அன்றிரவே மேலே 20 டிகிரி என்றால், காற்றில் அதே செறிவு இருந்தாலும் மேலே உள்ள பூச்சில் இரண்டு மடங்குக்கு மேல் ஆவி ஏறியிருக்கும். ஒரே நேரத்தில் கீழுக்கும் மேலுக்கும் எட்டு டிகிரி வித்தியாசம் என்று வைத்தாலே ஒன்றரை மடங்கு வருகிறது. வெப்பநிலையைக் கணக்கில் எடுக்காத சென்சார், ஏற்காடு ஏரிக்கரையில் அடிவாரத்தைவிட மோசமான காற்று என்று அறிவிக்கும். அதைப் படித்து யாராவது ஏரிக்கரைக்கு வண்டிகளைத் தடை செய்யலாம். நெரிசலில் மூச்சுத் திணறும் அடிவாரத்தை அப்படியே விட்டுவிடலாம்.

உயரம் இன்னொரு சிக்கல். சேலம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 280 மீட்டர், ஏற்காடு 1,515 மீட்டர். மேலே காற்றழுத்தம் கீழே இருப்பதைவிடச் சுமார் 14 சதவீதம் குறைவு. குளிர்ந்த காற்று கொஞ்சம் நெருங்கி நிற்பதால் அதில் ஒரு பகுதி ஈடாகிவிடும். நிகரமாக, ஒரு லிட்டர் காற்றில் பத்து சதவீதம் அளவுக்கு மூலக்கூறுகள் குறையும். பிபிஎம் கணக்கில் (பத்து லட்சம் மூலக்கூறுகளுக்கு இத்தனை என்று) பேசுவதா, ஒரு கன மீட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று பேசுவதா என்பது சமவெளியில் பெரிய விஷயமில்லை. மலைச்சாலையில் அது எண்ணை மாற்றும். நம் நாட்டுக் காற்றுத்தர வரம்புகள் கன மீட்டருக்கு இத்தனை எடை என்ற கணக்கில் இருக்கின்றன. மலிவு சென்சார்களின் குறிப்பேடுகள் பெரும்பாலும் பிபிஎம்மில் இருக்கின்றன.

இவை இரண்டையும்விடப் பெரிய தொல்லை தண்ணீர். நைட்ரஜன் டை ஆக்சைடுக்கு 2009-ஆம் ஆண்டின் தேசியத் தரம் 24 மணி நேரச் சராசரியாகக் கன மீட்டருக்கு 80 மைக்ரோகிராம். கடல் மட்டத்தில் அது சுமார் 42 பிபிபி, அதாவது நூறு கோடி மூலக்கூறுகளுக்கு 42. ஏற்காட்டில் 20 டிகிரியில் மூடுபனி இறங்கியிருக்கும்போது காற்றில் நீராவி மட்டும் 27,000 பிபிஎம் அளவுக்கு இருக்கும். கணக்குப் போட்டால், வரம்பைத் தொடும் அளவுக்கு மாசு இருந்தாலும் ஒரு நைட்ரஜன் டை ஆக்சைடு மூலக்கூறுக்கு ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட நீர் மூலக்கூறுகள் அந்தப் பூச்சின் கதவைத் தட்டுகின்றன. டின் ஆக்சைடு போன்ற பூச்சுகளை 200 முதல் 400 டிகிரி வரை சூடாக்கித்தான் இயக்குகிறார்கள். அந்தச் சூட்டிலும் நீர் மூலக்கூறு பிளந்து மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ளும், வாயுவோடு வினைபுரிய வேண்டிய ஆக்சிஜன் அமரும் இடங்களைப் பிடித்துக்கொள்ளும். பாலிமர் பூச்சில் நீர் உள்ளேயே புகுந்து தங்கும். இர்விங் லாங்மியூர் நூறாண்டுக்கு முன்பே எழுதிக்காட்டிய விஷயம் இது: மேற்பரப்பில் இடங்கள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை, இரண்டு பேர் போட்டியிட்டால் ஒருவர் பெறுவது மற்றவரின் அளவையும் பொறுத்தது. ஆகவே ஈரப்பதத்துக்காக ஒரு நிலையான எண்ணைக் கூட்டிக் கழிப்பது போதாது. ஈரப்பதம் மாறினால் சென்சாரின் தொடக்கப்புள்ளியும் மாறும், வாயுவுக்கு அது காட்டும் உணர்திறனும் மாறும். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழைகளும் நனைக்கும் மலையில் இதைச் சின்னத் திருத்தம் என்று தள்ளிவிட முடியாது.

நேரக்கணக்கும் உண்டு. வாயு பூச்சுக்குள் விரவிப் பரவ எடுக்கும் நேரம், தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது. தடிமன் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்கு. ஒரு மைக்ரான் தடிமனுள்ள இளகிய பாலிமரில் ஓர் ஆவி ஒரு நொடியில் பரவிவிடலாம். அதே தடிமனில் இறுகிய, கண்ணாடி போன்ற பாலிமராக இருந்தால் விரவல் ஆயிரம் மடங்கு மெதுவாகலாம். ஒரு நொடி, பதினேழு நிமிடமாகும். இரண்டு மைக்ரான் பூசியிருந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல். இப்படியொரு சென்சாரைப் பேருந்தின் கூரையில் மாட்டி மலையேற்றினால், மூன்றாவது வளைவின் புகை பன்னிரண்டாவது வளைவின் கணக்கில் எழுதப்படும். இருபது வளைவுகளின் வரைபடம் ஒன்று அழகான வண்ணங்களில் கிடைக்கும்; எந்த வளைவில் நெரிசலைக் குறைக்க வேண்டும் என்று முடிவு செய்ய அது உதவாது. வெப்பநிலைக்கு ஏற்ப விரவலின் வேகமும் மாறுவதால், மேலே ஏற ஏற சென்சார் இன்னும் மந்தமாகும். வாயு ஏறுவதைவிட இறங்குவது மெதுவாக இருக்கும் பூச்சுகளும் உள்ளன. ஹைட்ரஜன் சல்ஃபைடைக் கண்டறிய டின் ஆக்சைடோடு தாமிர ஆக்சைடு சேர்ப்பார்கள். வாயு பட்டதும் தாமிர ஆக்சைடு தாமிர சல்ஃபைடாக மாறி மின்தடை சட்டென்று விழும். வாயு போன பிறகு அது பழைய நிலைக்குத் திரும்ப நேரமெடுக்கும். அந்த இடைவெளியில் திரையில் தெரிவது, போய்விட்ட வாயுவின் அளவு.

ஹைட்ரஜன் சல்ஃபைடு என்றதும் சேலத்துக்காரர்களுக்கு ஜவ்வரிசி ஆலைகள் நினைவுக்கு வரும். மரவள்ளிக் கழிவுநீர் தேங்கி அழுகும் இடங்களில் எழும் அழுகிய முட்டை வாடைக்கு அந்த வாயுவே காரணம். மனித மூக்கு அதைப் பிபிபி அளவிலேயே பிடித்துவிடும். ஆனால் 100 பிபிஎம் அளவைத் தொட்டால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. அதனால்தான் தேங்கிய தொட்டிகளில் இறங்குபவர்கள் எச்சரிக்கையில்லாமல் விழுகிறார்கள். சேர்வராயன் மலையடியிலேயே வெள்ளைக்கல் சுரங்கங்களும் அதைச் சுடும் சூளைகளும் இருக்கின்றன. மக்னசைட் என்கிற அந்தக் கல்லை ஒரு டன் சுட்டால், கல்லிலிருந்து மட்டும் அரை டன்னுக்குச் சற்று மேல் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும், எரிபொருளின் புகை தனி. மேற்கே மேட்டூரில் அனல் மின்நிலையமும் ரசாயன ஆலைகளும். ஊர்க்காரர்கள் புகார் கொடுக்க, ஆலைக்காரர் மறுக்க, அதிகாரி கருவியைப் பார்க்க, கடைசியில் பேசுவது அந்த எண்தான். பூச்சு ஈரத்தில் ஊறி உணர்திறன் இழந்திருந்தால், நியாயமான புகார் ‘வரம்புக்குள்தான் இருக்கிறது’ என்று மூடப்படும். ஈரத்தையே வாயுவாக எண்ணியிருந்தால், குற்றமற்ற ஆலைக்கு நோட்டீஸ் போகும். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அநீதி. மாதிரியை யாரும் பார்க்கவில்லை என்பதால் அந்த அநீதியைக் கண்டுபிடிக்கவும் வழி இருக்காது.

எண் எவ்வளவு சீக்கிரம் சாட்சியாக மாறும் என்பதை எண்ணூர் காட்டியது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, பெரியகுப்பம் அருகே கடலுக்கடியில் உள்ள உரத் தொழிற்சாலைக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மக்கள் கண்ணெரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் தெருவுக்கு ஓடி வந்தார்கள். ஆலைக்கு அருகே காற்றில் கன மீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம் அம்மோனியா இருந்ததாகத் தமிழ்நாடு மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் அறிவித்தது. வரம்பு 400. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்தது. இங்கே கவனிக்க வேண்டியது, 400 என்பது 24 மணி நேரச் சராசரிக்கான வரம்பு. கசிவின் உச்சத்தில் எவ்வளவு இருந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது என்பதெல்லாம் கருவி எவ்வளவு விரைவாக ஏறி இறங்கும் என்பதையும் பொறுத்தது. அம்மோனியா தண்ணீரில் தாராளமாகக் கரையும் வாயு. கடற்கரையின் ஈரக்காற்றில் நனைந்த பூச்சு அதை அதிகமாகப் பிடித்து, மெதுவாக விடும். நாளை இப்படியொரு வழக்கில் சாட்சியாக நிற்பது மலிவு சென்சாரின் எண்ணாக இருந்தால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்கும் முதல் கேள்வி ஈரப்பதத்தைப் பற்றியதாகத்தான் இருக்கும். பதில் கோப்பில் இல்லையென்றால் பாதிக்கப்பட்டவர்கள்தான் தோற்பார்கள்.

நம்மிடம் இந்த அறிவு இல்லாமல் இல்லை. பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்தின் இயற்பியலாளர் ஆர்.டி.எஸ். யாதவாவும் அவருடைய கூட்டாளிகளும், பாலிமர் பூசிய ஒலியலை சென்சார்கள் ஆவியை எப்படி உறிஞ்சுகின்றன என்பதைக் கணித மாதிரிகளாக எழுதி வெளியிட்டிருக்கிறார்கள். தஞ்சாவூர் சாஸ்த்ரா பல்கலைக்கழகத்தில் உலோக ஆக்சைடு மென்படலச் சென்சார்கள் பற்றிய ஆய்வு பல ஆண்டுகளாக நடக்கிறது. கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் செய்த வேலை இன்னும் பாடமானது. வேக ஈனுலையின் நீராவி உற்பத்திக் கலத்தில், குளிர்விப்பானாக ஓடும் சோடியத்துக்குள் துளி நீர் கசிந்தாலும் ஹைட்ரஜன் பிறக்கும். சோடியம் குறைந்த வெப்பநிலையில் இருக்கும்போது அந்த ஹைட்ரஜன் மேலேயுள்ள ஆர்கான் வாயுவில் கலக்கும். அதைப் பிபிஎம் அளவில் பிடிக்க டின் ஆக்சைடு மென்படலச் சென்சார் போன்றவற்றை அங்கே உருவாக்கினார்கள். அங்கே நீராவி இல்லாத ஆர்கான், தேடுவது ஒரே வாயு, சூழலோ கட்டுப்பாட்டில். ஏற்காட்டுச் சாலையில் டீசல் புகை, காபித் தோட்டத்துக் கழிவின் புளித்த ஆவி, கோடையில் காட்டுத்தீப் புகை, மழையில் மூடுபனி எல்லாம் ஒன்றாக வரும். கல்பாக்கத்தில் நம்பத்தகுந்த அதே வகைப் பூச்சு, இங்கே நம்பத்தகுந்ததா என்பது தனியாக நிரூபிக்கப்பட வேண்டிய விஷயம்.

இதற்கு எழும் முதல் மறுப்பு வலுவானது. இயற்பியல் மாதிரியெல்லாம் எதற்கு, தரமான கருவிக்குப் பக்கத்தில் சென்சாரைச் சில வாரம் வைத்து, இரண்டின் எண்களையும் கணினிக்குக் கொடுத்தால் அதுவே திருத்தத்தைக் கற்றுக்கொள்ளுமே என்கிறார்கள். ஓரளவுக்கு உண்மை, நன்றாகவே கற்றுக்கொள்ளும். எதைக் கற்றது என்பதில்தான் சிக்கல். சேலம் நகரத்தில் காலை நெரிசல் நேரத்தில் வாகனப் புகையும் அதிகம், ஈரப்பதமும் அதிகம். மதியம் இரண்டும் குறையும். இந்தத் தரவை மட்டும் பார்த்த கணினி, ஈரம் ஏறினால் நைட்ரஜன் டை ஆக்சைடும் ஏறும் என்று கற்றுவிடலாம். நகரத்துக்குள் அதன் மதிப்பெண்ணும் பிரமாதமாக இருக்கும். அதை மேலே கொண்டுபோய், வண்டியே வராத ஒரு மழைநாள் அதிகாலையில் மூடுபனிக்குள் வைத்தால், அது மாசு என்று அலறும். ஐஐடி கான்பூர் சார்ந்த சத்வம் குழு, உள்நாட்டில் உருவாக்கிய மலிவு சென்சார்களைத் தரக்கருவிகளுக்கு அருகே வைத்துச் சோதித்தபோது, டெல்லியை ஒட்டிய இடத்திலும் மும்பையிலும் வைத்து, கருவிகளை இடம் மாற்றியும் பார்த்தது. கடற்கரைக் காற்றும் உள்நாட்டுக் காற்றும் ஒரே திருத்தத்துக்குக் கட்டுப்படும் என்று அவர்கள் முன்கூட்டியே முடிவு செய்துவிடவில்லை. அந்த எச்சரிக்கை மலைக்கு இன்னும் பொருந்தும். பூச்சின் இயற்பியலைத் தெரிந்து எழுதிய மாதிரி, கற்றுக்கொள்ளும் கணினிக்குப் பகையுமல்ல. ஈரமும் வெப்பமும் எந்த வடிவத்தில் நுழையும் என்று முன்னமே சொல்லிவிட்டால், கணினி குறைந்த தரவிலிருந்தே சரியானதைக் கற்கும். பார்க்காத இடத்தில் தடுமாறுவதும் குறையும்.

இரண்டாவது மறுப்பு நடைமுறை சார்ந்தது: இவ்வளவு கறாராக இருந்தால் ஒன்றுமே நடக்காது, ஒன்றுமில்லாததற்கு ஏதோ ஒன்று மேல். இதில் பாதிக்கு நான் உடன்படுகிறேன். சமையலறையில் எரிவாயு கசிந்தால் அலறும் கருவிக்கு நுட்பமான மாதிரி தேவையில்லை; வெடிக்கும் அளவுக்கு வெகு முன்னால் ஆயிரக்கணக்கான பிபிஎம்மில் அது விழித்தால் போதும், இருபது சதவீதப் பிழை யார் உயிரையும் வாங்காது. ஒரே இடத்தில் நேற்றைக்கு இன்று கூடியதா குறைந்ததா என்று பார்க்கவும், பள்ளியில் மாணவர்களுக்குச் சொல்லித் தரவும் மலிவு சென்சார் பிரமாதமான கருவி. உலக வானிலை அமைப்பு 2018-இல் வெளியிட்ட அறிக்கையும் இப்படித்தான் பிரித்துச் சொல்கிறது: இவை பயனுள்ளவை, ஆனால் தரக்கருவிகளுக்கு நேரடி மாற்றாகாது. நான் மறுப்பது, கூடுதல் குறைவு பார்க்க வாங்கிய கருவியின் எண், சத்தமில்லாமல் வரம்பை மீறியதா இல்லையா என்ற தீர்ப்பாக மாறிவிடுவதை. ஒன்றுமில்லாதபோது மக்களுக்குத் தங்கள் மூக்கின் மீது நம்பிக்கை இருந்தது. தப்பான எண் வந்த பிறகு அதுவும் போய்விடும்.

மூன்றாவதாக, பூச்சின் கலவை வணிக ரகசியம் என்பார்கள். இருக்கட்டும். பெட்ரோல் பங்கில் பம்பின் உள்ளே என்ன பல்சக்கரம் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் முத்திரையிட்ட ஐந்து லிட்டர் அளவையைக் கொண்டுவந்து ஊற்றிக் காட்டச் சொல்ல வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. சென்சாரிலும் கேட்பது அதேதான். இன்னின்ன வெப்பநிலையில், இன்னின்ன ஈரப்பதத்தில், சுத்தமான காற்றில் எவ்வளவு காட்டியது. தெரிந்த அளவு வாயு கொடுத்தபோது எவ்வளவு காட்டியது. அதில் தொண்ணூறு சதவீதத்தைத் தொட எத்தனை நொடி, இறங்க எத்தனை நொடி. ஓசோன் கூட இருந்தால் என்ன ஆகும். ஆறு மாதம் கழித்து எவ்வளவு நகர்ந்தது. ஐரோப்பியத் தரப்படுத்தல் குழு 2021-இல் வாயு சென்சார்களைச் சோதிப்பதற்கென்றே ஒரு தொழில்நுட்ப வரையறையை வெளியிட்டிருக்கிறது. அதை அப்படியே எடுத்தாளத் தேவையில்லை. குளிர்நாட்டை மனத்தில் வைத்து எழுதியதில் நம் பங்குனி வெயிலும் ஐப்பசி மூடுபனியும் எவ்வளவு அடங்கும் என்று பார்த்து, நமக்கேற்ற வெப்ப, ஈர எல்லைகளைச் சேர்க்க வேண்டியிருக்கும்.

அந்த எல்லைகளைக் கண்டுபிடிக்கத் தமிழ்நாட்டில் இந்தச் சாலையைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை. ஒரு மணி நேரத்துக்குள் கடக்கக்கூடிய தூரத்தில் 1,200 மீட்டருக்கு மேல் உயர வித்தியாசம், எட்டு பத்து டிகிரி வெப்ப வித்தியாசம், காய்ந்த காற்றிலிருந்து நனைந்த மேகம் வரை. சுற்றிலும் நிறுவனங்களுக்கும் பஞ்சமில்லை. மலையை ஒட்டிக் கருப்பூரில் பெரியார் பல்கலைக்கழகமும் அரசு பொறியியல் கல்லூரியும் இருக்கின்றன. சோனா கல்லூரியில் வாரியத்தின் தரமான நிலையம் ஏற்கெனவே ஓடுகிறது. மேலே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வேலியும் மின்சாரமும் ஆளும் உள்ள இடம். நகரும் வண்டியில் ஒரு தரக்கருவித் தொகுதியை அடிவாரத்தில் சில வாரம், நடுவழியில் சில வாரம், மேலே சில வாரம் என்று ஓராண்டு சுழற்சியில் வைக்கலாம். அதன் பக்கத்தில் சந்தையில் கிடைக்கும் ஏழெட்டு வகை சென்சார்களை மாட்டலாம். மாசியின் காட்டுத்தீப் புகை, மே மாத நெரிசல், இரண்டு பருவமழை எல்லாம் ஒரு சுற்றில் வந்துவிடும். ஒவ்வொரு வகையும் எங்கே உண்மை சொன்னது, எங்கே பனியை அளந்தது என்ற பட்டியல் கிடைக்கும். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வால்பாறைக்கும் சென்சார் வாங்குபவர்கள் அந்தப் பட்டியலைப் பார்த்து வாங்கலாம். இதற்கு ஆகும் செலவு ஒரு தொடர் கண்காணிப்பு நிலையத்தின் விலையைப் பெரிதாகத் தாண்ட வாய்ப்பில்லை.

அந்த ஓராண்டு முடியும்வரை வாங்குபவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். ஏலமும் டெண்டரும் நடக்கத்தான் செய்யும். அதனால் டெண்டர் ஆவணத்தில் இன்றே சேர்க்கக்கூடிய ஒரு நிபந்தனையை மட்டும் வலியுறுத்துவேன். திருத்தப்பட்ட பிபிஎம் எண்ணோடு, பூச்சிலிருந்து வந்த மூல மின் அளவும், அந்த நொடியின் வெப்பநிலை, ஈரப்பதம், காற்றழுத்தம் ஆகியவையும் சேமிக்கப்பட வேண்டும். அந்தத் தரவு விற்பவரின் கணினியில் மட்டும் இல்லாமல் வாங்கிய அரசு அலுவலகத்திலும் இருக்க வேண்டும். பல மலிவுக் கருவிகள் கடைசி எண்ணை மட்டும் அனுப்பிவிட்டு மூலத் தரவைத் தூக்கி எறிந்துவிடுகின்றன. மாதிரி தப்பென்று நான்கு ஆண்டு கழித்துத் தெரிந்தாலும், மூலத் தரவு இருந்தால் அந்த நான்கு ஆண்டுக் காற்றையும் புதிய கணக்கில் மறுபடி படித்துவிடலாம். கடைசி எண் மட்டும் கையில் இருந்தால், அதில் எவ்வளவு புகை, எவ்வளவு பனி என்று பிரிக்க அப்போது எந்தச் சூத்திரமும் உதவாது.